புளூடூத் ஹெட்செட்டில் மைக் சரியில்லையா? தூக்கிப் போடும் முன் படியுங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளில் அடிக்கடி வருவது மைக் பற்றிய கேள்வி. மொபைல் போனுக்கென வாங்கிய புளூடூத் ஹெட்செட் ஒன்று வீட்டில் இருக்கும். போனில் அது நன்றாகவே வேலை செய்கிறது. கம்ப்யூட்டருடன் இணைத்தால் பாட்டும் சினிமாவும் தெளிவாகக் கேட்கின்றன. ஆனால் ஸூம், கூகுள் மீட் அல்லது வாட்ஸ்அப் அழைப்பில் பேசத் தொடங்கியவுடன் நிலைமை மாறிவிடுகிறது. காதில் கேட்டுக் கொண்டிருந்த ஒலி திடீரெனப் பழைய டிரான்சிஸ்டர் ரேடியோ போல மங்கிவிடுகிறது. மறுமுனையில் இருப்பவரோ, "கிணற்றுக்குள் இருந்து பேசுவது போல் இருக்கிறது" என்கிறார். சில வேளைகளில் நாம் பேசுவதே அவருக்குக் கேட்பதில்லை.

உடனே பலரும் ஹெட்செட்டை எடுத்துக் கொண்டு கடைக்குச் செல்கின்றனர். அங்கே, "மைக் போயிடுச்சு சார், புதுசு வாங்கிக்குங்க" என்ற பதில் கிடைக்கிறது. கூடுதல் விலையில் இன்னொன்று வாங்கி வந்து இணைத்தால், அதுவும் அதே போலக் கரகரக்கிறது. அடுத்து கம்ப்யூட்டர் மீது சந்தேகம் வருகிறது. சவுண்ட் கார்டு கெட்டுவிட்டதா, வைரஸ் வந்துவிட்டதா என்றெல்லாம் கேட்கின்றனர்.

இப்படி என்னிடம் கொண்டு வரப்பட்ட ஹெட்செட்களில் பெரும்பாலானவை கெட்டுப் போனவை அல்ல. புளூடூத்தில் ஒலி கையாளப்படும் விதமே இந்தத் தொல்லைக்குக் காரணம். இதனைக் கடைக்காரர் சொல்வதில்லை. பெட்டியிலும் அச்சிடுவதில்லை. எனவே, வீட்டுக் கம்ப்யூட்டரில் கேட்பதற்கு மட்டும் புளூடூத் ஹெட்செட்டைப் பயன்படுத்துங்கள், பேசுவதற்கு வேறு மைக் வைத்துக் கொள்ளுங்கள் என்பது என் கருத்து. இதற்கான காரணங்களையும், ஹெட்செட் உண்மையிலேயே கெட்டுவிட்டதா என்று கண்டறியும் வழிகளையும் பார்ப்போம்.

பாட்டுக்கு ஒரு வழி, பேச்சுக்கு ஒரு வழி

1998ம் ஆண்டில் எரிக்சன், நோக்கியா, ஐ.பி.எம்., இன்டெல், தோஷிபா ஆகிய 5 நிறுவனங்கள் சேர்ந்து புளூடூத் குழுவினை அமைத்தன. முதல் வரையறை 1999ல் வெளியானது. 10ம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ஹரால்ட் புளூடூத் என்ற மன்னரின் பெயரே இதற்குச் சூட்டப்பட்டது. சாதனங்களுக்கு இடையே உள்ள வயரை நீக்குவதுதான் இதன் நோக்கம். மொபைல் போனில் வயர் இல்லாமல் பேசுவது இதன் தொடக்க காலப் பயன்களில் முக்கியமான ஒன்று.

புளூடூத்தில் ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி விதிமுறை உண்டு. இதனை புரொபைல் என்று அழைக்கின்றனர். நாம் வாங்கும் ஹெட்செட்டில் ஒலிக்கென இரண்டு புரொபைல்கள் இருக்கும். முதலாவது ஏ2டிபி. இது பாட்டுக்கானது. இதில் ஒலி ஒரே திசையில், அதாவது கம்ப்யூட்டரில் இருந்து ஹெட்செட்டிற்கு மட்டும் செல்லும். ஸ்டீரியோ ஒலி கிடைக்கும். எல்லா ஹெட்செட்களும் ஏற்றுக் கொள்ளும் எஸ்.பி.சி. முறையில், நொடிக்கு ஏறத்தாழ 3 லட்சத்து 28 ஆயிரம் பிட்கள் வரை அனுப்பலாம்.

இரண்டாவது எச்.எப்.பி., அதாவது ஹேண்ட்ஸ் ப்ரீ புரொபைல். இது பேச்சுக்கானது. இதில் ஒலி இரண்டு திசைகளிலும் செல்ல வேண்டும். ஆனால் ஒவ்வொரு திசைக்கும் கிடைப்பது நொடிக்கு 64 ஆயிரம் பிட்கள் மட்டுமே. ஸ்டீரியோ இல்லை, மோனோதான். பாட்டு அனுப்பும் போது கொஞ்சம் டேட்டாவை முன்கூட்டியே சேர்த்து வைத்துக் கொள்ளலாம். நடுவில் ஏதேனும் தவறினால், திரும்பவும் வாங்கிக் கொள்ள நேரம் இருக்கும். உரையாடலில் அப்படிக் காத்திருக்க முடியாது. பேசியது அந்தக் கணமே போய்ச் சேர வேண்டும். எனவே அளவைச் சுருக்கி, வேகத்திற்கு முன்னுரிமை கொடுத்து இதனை வடிவமைத்தனர்.

ஒலியின் தரத்தையும் பாருங்கள். ஆடியோ சி.டி.யில் ஒலியானது நொடிக்கு 44,100 மாதிரிகளாகப் பதியப்படுகிறது. எச்.எப்.பி.யின் அடிப்படை முறையில் நொடிக்கு 8,000 மாதிரிகள் மட்டுமே. மாதிரிகளின் எண்ணிக்கையில் பாதி அளவு வரையிலான ஹெர்ட்ஸ் ஒலியைத்தான் டிஜிட்டலில் பதிய முடியும் என்பது விதி. அப்படியானால் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ள ஒலி எதுவும் இந்த வழியில் செல்லாது. 2011ல் வந்த எச்.எப்.பி. 1.6 பதிப்பில் இது 16,000 மாதிரிகளாக உயர்த்தப்பட்டது. ஆனால் ஹெட்செட், கம்ப்யூட்டர் இரண்டும் இதனை ஏற்றுக் கொண்டால்தான் இந்தத் தரம் கிடைக்கும். ஒன்று மட்டும் தயாராக இருந்து பயனில்லை.

இந்த இரண்டு வழிகளும் வழக்கமான புளூடூத்தில் ஒரே நேரத்தில் இயங்குவதில்லை. நீங்கள் பாட்டு கேட்டுக் கொண்டிருக்கும் போது ஏதேனும் ஒரு புரோகிராம் ஹெட்செட்டின் மைக்கைத் திறந்தால், விண்டோஸ் உடனே முதல் வழியை விட்டு இரண்டாவது வழிக்கு மாறிவிடும். அதனால்தான் நீங்கள் கேட்கும் ஒலியும் அந்த நொடியே மங்கிப் போகிறது. அழைப்பை முடித்தவுடன் பாட்டு பழையபடி தெளிவாகக் கேட்கும். இதே போல் உங்களுக்கும் நடந்தால், ஹெட்செட்டில் கோளாறு இல்லை என்று தைரியமாக முடிவு செய்யலாம்.

போனில் மட்டும் எப்படி நன்றாக இருக்கிறது?

இந்த விளக்கத்தைக் கேட்டவுடன் எல்லோரும் கேட்கும் அடுத்த கேள்வி இது. "அதே ஹெட்செட்டில் போனில் பேசினால் யாரும் குறை சொல்வதில்லையே?"

நியாயமான கேள்விதான். போனில் பேசும் போதும் இதே எச்.எப்.பி.தான் இயங்குகிறது. ஆனால் பழைய தொலைபேசி இணைப்பே 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை மட்டும் கடத்தும் வகையில் அமைந்தது. இன்றைய 4ஜி அழைப்புகளில் இது ஏறத்தாழ 7,000 ஹெர்ட்ஸ் வரை உயர்ந்துள்ளது. போன் அழைப்பின் தரமும் ஹெட்செட்டின் தரமும் அநேகமாக ஒன்றாக இருப்பதால், எதையும் இழந்ததாக நமக்குத் தெரிவதில்லை. மேலும் போனில் அழைப்பு வந்தால் பாட்டு தானாக நின்றுவிடும். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பே கிடைப்பதில்லை.

கம்ப்யூட்டரில் அப்படி இல்லை. ஆன்லைன் கூட்டத்தில் மற்றவர்கள் லேப்டாப் மைக்கிலோ வயர் உள்ள ஹெட்செட்டிலோ பேசுவார்கள். அவர்கள் குரல் முழுமையாகக் கேட்கும். நடுவில் உங்கள் குரல் மட்டும் மூக்கடைத்தது போல் ஒலிக்கும். வேறுபாடு உடனே தெரிந்துவிடும்.

இதனால் என்ன நஷ்டம்?

"கொஞ்சம் கரகரப்பாகக் கேட்டால் என்ன? பேசுவது புரிந்தால் போதாதா?" என்று நீங்கள் நினைக்கலாம். பேரனுடன் பேசும் தாத்தாவிற்கு அது போதும். எல்லா இடத்திலும் போதாது.

எஸ், எப் என்ற ஆங்கில எழுத்துக்களைப் போனில் சொன்னால் ஏன் குழப்பம் வருகிறது? வங்கியில் இருந்து அழைப்பவர் நம் பெயரை எழுத்துக் கூட்டிக் கேட்கும் போது, "எஸ் பார் சண்டே" என்று ஏன் சொல்கிறோம்? எஸ் என்று சொல்லும் போது பற்களின் இடையே எழும் சீறல் ஒலியின் பெரும் பகுதி 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கிறது. அதனை வெட்டிவிட்டால் எஸ் எது, எப் எது என்று காது தடுமாறுகிறது. தமிழில் பேசும் போது அடுத்த சொல்லை வைத்து நாமே ஊகித்துக் கொள்கிறோம். ஆங்கிலத்தில், அதுவும் முன்பின் தெரியாதவரிடம், தொழில் நுட்பச் சொற்களைப் பேசும் போது ஊகிப்பது கடினம்.

நான் ஒரு சாப்ட்வேர் நிறுவனத்தில் பணியாற்றுகிறேன். படிப்பை முடித்து வருபவர்களுக்கு ஆன்லைனில் இன்டர்வியூ நடத்தும் போது சில வேளைகளில் நானும் உடன் இருப்பேன். எங்கள் ஊர்ப் பக்கம் போல் சிறிய ஊர்களில் இருந்து, வீட்டில் முதன் முதலாகப் பட்டம் பெற்றவர்கள் பலர் வருகின்றனர். இன்டர்வியூவிற்கென்றே நண்பரிடம் கடனாக வாங்கிய புளூடூத் ஹெட்செட்டை மாட்டிக் கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அது மரியாதையாக இருக்கும், தெளிவாகவும் இருக்கும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள்.

அவர்கள் பேசத் தொடங்கியதும் இந்தப் பக்கம் இருந்து, "சாரி, ரிப்பீட் பண்ணுங்க" என்ற குரல் எழும். ஒரு முறை, இரு முறை என்றால் பரவாயில்லை. நான்காவது முறை கேட்கும் போது எதிரில் இருப்பவரின் முகம் மாறிவிடும். தன் ஆங்கிலம்தான் புரியவில்லை போலிருக்கிறது என்று அவர் நினைத்துக் கொள்கிறார். முதலில் சத்தமாகப் பேசுவார். பிறகு வேகமாகப் பேசுவார். கடைசியில் "எஸ்", "நோ" என்று ஒரே சொல்லில் பதில் சொல்லத் தொடங்கிவிடுவார்.

அப்படி ஒரு பெண்ணிடம், "ஹெட்செட்டை எடுத்துவிட்டு லேப்டாப்பிலேயே பேசுங்கள்" என்று சொன்னேன். ஒரு நிமிடத்தில் குரல் தெளிவாகிவிட்டது. முதல் கேள்வியை மறுபடியும் கேட்டோம். அவர் முதலில் சொன்ன பதிலும் சரியான பதில்தான் என்பது அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. ஆனால் அவர் அதற்குள் பாதி நம்பிக்கையை இழந்திருந்தார். இழந்த 10 நிமிடங்களும் திரும்பக் கிடைக்கவில்லை. எல்லா இன்டர்வியூக்களிலும் இப்படி ஒருவர் சொல்ல மாட்டார். "கம்யூனிகேஷன் போதாது" என்று குறித்துவிட்டு அடுத்தவரை அழைத்துவிடுவார்கள். மைக் செய்த குறைக்கு மனிதர் மார்க் இழப்பதை என்னால் ஏற்றுக் கொள்ள முடியவில்லை. இந்தக் கட்டுரையை எழுதுவதற்கும் அதுவே காரணம்.

உண்மையிலேயே மைக் கெட்டுவிட்டதா?

உங்கள் குரல் மங்கலாகக் கேட்பது ஒரு பிரச்னை. சுத்தமாகக் கேட்கவே இல்லை என்றால் அது வேறு பிரச்னை. அதற்குக் காரணம் பெரும்பாலும் செட்டிங்ஸில் இருக்கும். கீழே தந்துள்ள வரிசையில் ஒவ்வொன்றாகச் சோதித்துப் பாருங்கள்.

1. முதலில் போனில் சோதியுங்கள். ஹெட்செட்டைப் போனுடன் மட்டும் இணைத்து, வீட்டில் உள்ள ஒருவருக்கு அழைப்பு செய்து அடுத்த அறையில் இருந்து பேசுங்கள். அவருக்குத் தெளிவாகக் கேட்டால் மைக்கில் பழுது இல்லை. அங்கேயும் கேட்கவில்லை என்றால், மைக் துவாரத்தில் தூசு அடைத்திருக்கலாம். உலர்ந்த, மென்மையான பிரஷ் கொண்டு துடைத்துப் பாருங்கள். ஊசி, குண்டூசி போன்றவற்றை உள்ளே நுழைக்க வேண்டாம்.

2. சோதித்து முடித்தவுடன் போனில் புளூடூத்தை ஆப் செய்திடுங்கள். பல ஹெட்செட்கள் ஒரே நேரத்தில் இரண்டு சாதனங்களுடன் இணைந்திருக்கும். உங்கள் குரலைக் கம்ப்யூட்டருக்குத் தராமல் போனுடன் பிணைந்து நிற்பது அடிக்கடி நடப்பதுதான்.

3. ஹெட்செட்டிலேயே மியூட் பட்டன் உள்ளதா என்று பாருங்கள். சில மாடல்களில் மைக் தண்டை மேலே தூக்கினாலே மியூட் ஆகிவிடும்.

4. அடுத்து விண்டோஸ். டாஸ்க் பாரின் வலது மூலையில் உள்ள ஸ்பீக்கர் ஐகானில் ரைட் கிளிக் செய்து, சவுண்ட் செட்டிங்ஸ் என்பதைத் தேர்ந்தெடுக்கவும். கிடைக்கும் விண்டோவில் இன்புட் என்ற பிரிவில் எந்த மைக் தேர்வாகியுள்ளது என்று பாருங்கள். ஹெட்செட்டை இணைத்திருந்தாலும் விண்டோஸ் வேறு மைக்கைத் தேர்ந்தெடுத்திருக்கலாம். விண்டோஸ் 11ல் மைக்கின் பெயரில் கிளிக் செய்தால், ஸ்டார்ட் டெஸ்ட் என்ற பட்டன் கிடைக்கும். அதனை அழுத்திச் சில நொடிகள் பேசிப் பாருங்கள். நீலக்கோடு அசைந்தால் குரல் கம்ப்யூட்டருக்குள் வருகிறது என்று பொருள்.

5. கோடு அசைகிறது, ஆனால் புரோகிராமில் குரல் போகவில்லையா? விண்டோஸ் அனுமதி தரவில்லை என்று அர்த்தம். செட்டிங்ஸ் திறந்து, பிரைவசி அண்ட் செக்யூரிட்டி பிரிவில் மைக்ரோபோன் என்பதில் கிளிக் செய்திடவும். அங்கே மைக்ரோபோன் ஆக்சஸ் ஆன் நிலையில் இருக்க வேண்டும். அதன் கீழே டெஸ்க்டாப் ஆப்ஸ்களுக்கான அனுமதி தனியாக இருக்கும். அதனையும் ஆன் செய்திடவும். பிரவுசர் வழியாகப் பேசுபவர்கள், முகவரிக் கட்டத்தின் இடது பக்கம் உள்ள ஐகானில் கிளிக் செய்து, அந்தத் தளத்திற்கு மைக் அனுமதி உள்ளதா என்றும் பார்க்க வேண்டும்.

6. ஸூம் போன்ற புரோகிராம்களில் மைக்கைத் தேர்ந்தெடுக்கத் தனி மெனு உண்டு. விண்டோஸில் சரியாக அமைத்துவிட்டு இங்கே கவனிக்காமல் விடுபவர்கள் அதிகம். ஸூமில் செட்டிங்ஸ், ஆடியோ சென்று டெஸ்ட் மைக் என்பதை அழுத்தினால், நீங்கள் பேசியதை உங்களுக்கே போட்டுக் காட்டும்.

7. எதுவும் பலிக்கவில்லையா? செட்டிங்ஸில் புளூடூத் அண்ட் டிவைசஸ் பிரிவிற்குச் சென்று, ஹெட்செட்டை ரிமூவ் செய்துவிட்டு, மீண்டும் முதலில் இருந்து இணைத்துப் பாருங்கள். பல வேளைகளில் இதுவே சரி செய்துவிடும்.

8. குரல் விட்டு விட்டுக் கேட்கிறதா? புளூடூத் இயங்குவது 2.4 கிகா ஹெர்ட்ஸ் அலைவரிசையில். வீட்டில் உள்ள வை-பி ரூட்டரும் இதே அலைவரிசையைப் பயன்படுத்தலாம். யு.எஸ்.பி. 3.0 சாதனங்களும் இந்த அலைவரிசையில் இரைச்சலை ஏற்படுத்தும் என்று இன்டெல் நிறுவனம் 2012லேயே விளக்கியுள்ளது. டெஸ்க்டாப்பின் பின்புறம் புளூடூத் டாங்கிளைச் செருகி, அதன் பக்கத்திலேயே எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கையும் செருகியிருந்தால் தொல்லைதான். டாங்கிளை முன்புறம் மாற்றுங்கள், அல்லது ஒரு சிறிய யு.எஸ்.பி. எக்ஸ்டென்ஷன் கேபிள் வாங்கித் தள்ளி வையுங்கள்.

கேட்க வயர்லெஸ், பேச வேறு மைக்

மேலே சொன்னவற்றால் குரல் கேட்கத் தொடங்கும். ஆனால் அதன் தரம் எச்.எப்.பி.யின் எல்லையைத் தாண்டாது. அதற்குத்தான் என் யோசனை.

லேப்டாப் வைத்திருப்பவர்களுக்குச் செலவே இல்லை. சவுண்ட் செட்டிங்ஸில் அவுட்புட் என்பதில் புளூடூத் ஹெட்செட்டையும், இன்புட் என்பதில் லேப்டாப்பின் சொந்த மைக்கையும் தேர்ந்தெடுங்கள். பெரும்பாலும் அது மைக்ரோபோன் அர்ரே என்ற பெயரில் இருக்கும். ஸூம் போன்ற புரோகிராமிலும் இதையே அமைத்திடுங்கள். ஹெட்செட்டின் மைக்கை யாரும் திறக்காததால் அது பாட்டு வழியிலேயே தொடரும். உங்களுக்கும் தெளிவாகக் கேட்கும், மறுமுனையில் இருப்பவருக்கும் தெளிவாகக் கேட்கும். ஒலி காதோடு நின்றுவிடுவதால் எக்கோ தொல்லையும் இல்லை.

விண்டோஸ் 10 பயன்படுத்துபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். (அதற்கான பொது ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14ல் நிறுத்திவிட்டது. ஆனாலும் பல வீடுகளில் அது இயங்கிக் கொண்டிருக்கிறது.) அதில் ஒரே ஹெட்செட் இரண்டு பெயர்களில் காட்டப்படும். ஹெட்போன்ஸ், ஸ்டீரியோ என்று இருப்பது பாட்டு வழி. ஹெட்செட், ஹேண்ட்ஸ் ப்ரீ என்று இருப்பது பேச்சு வழி. அவுட்புட்டில் ஸ்டீரியோ என்று இருப்பதையே தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் 11ல் இரண்டையும் ஒரே பெயரில் சேர்த்துவிட்டார்கள். பார்க்க எளிமையாக இருக்கிறது. ஆனால் எந்த வழி இயங்குகிறது என்பது பயனாளருக்குத் தெரிவதில்லை. இந்த மாற்றத்தில் எனக்கு முழு உடன்பாடு இல்லை.

லேப்டாப் மைக் குறையே இல்லாதது என்று சொல்ல மாட்டேன். சீலிங் பேன், மிக்ஸி, குக்கர் விசில் எல்லாவற்றையும் அது சேர்த்தே எடுத்துக் கொள்ளும். கீபோர்டைத் தட்டும் சத்தமும் கேட்கும். எனவே பேனின் நேர் கீழே உட்காராமல், திரைக்கு அருகில் அமர்ந்து பேசுங்கள்.

இதைவிட நல்லது வயர் உள்ள மைக். சில நூறு ரூபாயில் கிடைக்கும் சாதாரண வயர் இயர்போனின் மைக் கழுத்தருகே தொங்கும். வாயில் இருந்து அதிக தூரம் இல்லை. மேலே சொன்ன 8,000 மாதிரி எல்லையும் அதற்கு இல்லை. லேப்டாப்பில் ஒரே ஒரு ஆடியோ துளை இருந்தால், பிளக்கில் மூன்று கறுப்பு வளையங்கள் உள்ள இயர்போனை அப்படியே செருகலாம். டெஸ்க்டாப்பில் மைக்கிற்கு இளஞ்சிவப்பு, ஸ்பீக்கருக்குப் பச்சை என இரண்டு துளைகள் தனித்தனியே இருக்கும். அங்கே இந்த இயர்போனைச் செருகினால் பாட்டு கேட்கும், மைக் வேலை செய்யாது. ஒன்றை இரண்டாகப் பிரித்துத் தரும் சிறிய ஸ்பிளிட்டர் கேபிள் ஒன்று வாங்கிக் கொண்டால் சரியாகிவிடும். வெப் கேமரா வைத்திருப்பவர்கள் அதில் உள்ள மைக்கையே இன்புட்டாகத் தேர்ந்தெடுக்கலாம். யு.எஸ்.பி. ஹெட்செட் வாங்கினால் இன்னும் எளிது. ஒலியைக் கையாளும் பகுதி அதற்குள்ளேயே இருப்பதால், கம்ப்யூட்டரின் சவுண்ட் கார்டை நம்பியிருக்க வேண்டாம்.

பெட்டியில் உள்ளதும் இல்லாததும்

ஹெட்செட் பெட்டியில் என்னவெல்லாம் அச்சிடுகிறார்கள் என்று பாருங்கள். எத்தனை மணி நேரம் சார்ஜ் நிற்கும், எத்தனை மில்லி மீட்டர் டிரைவர், எவ்வளவு பேஸ் என்றெல்லாம் பெரிய எழுத்தில் இருக்கும். மைக் இயங்கும் போது ஒலித் தரம் என்னவாகும் என்று ஒரு வரி இருக்காது.

ஏ.என்.சி. என்று போட்டிருந்தால் பலரும் மைக்கிற்கு நல்லது என்று நினைக்கின்றனர். அது உங்கள் காதிற்கு வரும் வெளிச் சத்தத்தைக் குறைப்பது. எதிரில் இருப்பவருக்குப் போகும் சத்தத்தைக் குறைப்பது இ.என்.சி. எனப்படும் வேறு வசதி. அதுவும் மின்விசிறிச் சத்தத்தைக் குறைக்குமே தவிர, எச்.எப்.பி.யில் வெட்டப்பட்ட ஒலியைத் திருப்பித் தராது.

அடுத்தது புளூடூத் 5.3 போன்ற பதிப்பு எண்கள். எண் பெரிதாக இருந்தால் குரல் தெளிவாகும் என்று விற்பவர்கள் சொல்லக் கூடும். அப்படி எந்த உத்தரவாதமும் இல்லை. குரலை மேம்படுத்தும் புதிய முறைக்கு எல்.இ. ஆடியோ என்று பெயர். 2020 ஜனவரியில் அறிவிக்கப்பட்டு, 2022ல் இதன் வரையறைகள் நிறைவடைந்தன. எல்.சி.3 என்ற புதிய கோடெக் இதில் உள்ளது. விண்டோஸ் 11க்கு 2023ல் இந்த ஆதரவு தரப்பட்டது. ஆனால் ஹெட்செட், கம்ப்யூட்டரின் புளூடூத் சிப், அதன் டிரைவர் ஆகிய அனைத்தும் ஏற்றுக் கொண்டால்தான் பயன். 5.3 என்று எண் இருந்தும் எல்.இ. ஆடியோ இல்லாத ஹெட்செட்கள் உண்டு. உங்கள் கம்ப்யூட்டரில் இந்த வசதி உள்ளதா என்று அறிய, புளூடூத் அண்ட் டிவைசஸ் பிரிவில் டிவைசஸ் என்பதைத் திறந்து, எல்.இ. ஆடியோ என்ற பெயருடன் ஒரு ஸ்விட்ச் இருக்கிறதா என்று தேடுங்கள்.

தயாரிப்பாளர்களிடம் நான் எதிர்பார்ப்பது பெரிதாக ஒன்றும் இல்லை. "கம்ப்யூட்டரில் மைக் பயன்படுத்தும் போது ஒலித் தரம் குறையும்" என்று ஒரு வரி பெட்டியில் இருக்கட்டும். மின் விளக்கில் எத்தனை வாட் என்று சொல்வது போல, பேசும் போது எத்தனை கிலோ ஹெர்ட்ஸ் என்று குறிப்பிடட்டும். விண்டோஸும், பேச்சு வழிக்கு மாறும் போது திரையில் ஒரு சிறிய செய்தி காட்டினால், பல பேர் கடைக்கு அலைவது குறையும். வைரஸ் பயமும் குறையும்.

கடைக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மைக் போய்விட்டது என்று சொல்லும் முன், ஒரு போனில் இணைத்து இரண்டு நிமிடம் பேசிக் காட்டுங்கள். வயர் ஹெட்செட் ஒன்றை விற்றால் லாபம் குறைவாக இருக்கலாம். அந்த வாடிக்கையாளர் நாளை பிரிண்டர் வாங்கவும் உங்களிடம்தான் வருவார்.

அவர்கள் மாறும் வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் வீட்டில் யாருக்கேனும் நாளை ஆன்லைன் இன்டர்வியூவோ வகுப்போ இருந்தால், இன்று இரவே இதைச் செய்திடுங்கள். விண்டோஸ் 11ல் சவுண்ட் ரெக்கார்டர் என்ற புரோகிராம் உள்ளது. விண்டோஸ் 10ல் அதன் பெயர் வாய்ஸ் ரெக்கார்டர். அதனை இயக்கி, புளூடூத் மைக்கில் 30 நொடிகளும், லேப்டாப் அல்லது வயர் மைக்கில் 30 நொடிகளும் ஒரே செய்தியைப் படித்துப் பதிவு செய்யுங்கள். பெயர், கல்லூரி, படித்த பாடம், இமெயில் முகவரி ஆகியவற்றையும் அதில் சேர்த்துப் படியுங்கள். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் எதில் பேச வேண்டும் என்று உங்களுக்கே தெரிந்துவிடும். புளூடூத் ஹெட்செட்டைத் தூக்கிப் போட வேண்டாம். பாட்டு கேட்க அது நன்றாகவே உழைக்கும்.